நாலு பென்னிக்கு ஒரு கட்டில்

வாசகர் கேள்வி – பதில்

இங்கிலாந்தின் ஹார்ட்ஃபர்ட்ஷையரில் உள்ள ஹிட்சின் ஊரின் குயின் ஸ்ட்ரீட்டில் ஒரு காலத்தில் மலிவு விலைத் தங்கும் விடுதிகள் இருந்தன என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். காமன் லாட்ஜிங் ஹவுஸ் என்பது அவற்றின் சட்டப் பெயர். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஆகவே இந்த மாதம் மற்ற கேள்விகளை எடுத்து வைத்துவிட்டு இதை மட்டும் பார்ப்போம். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஹார்ட்ஃபர்ட்ஷையரில் கவுன்சில் சுகாதார ஆய்வாளராக 26 வருடம் இருந்தவன் நான். ஊரார் ஒன்றாகத் தங்கும் வாடகை வீடுகளுக்குள் போய், அறையை அளந்து, தலையை எண்ணுவதே என் வேலையாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு, எனக்கு நூறு வருடம் முன்னால் இதே வேலையைச் செய்தவர்களின் குறிப்பேடுகளைப் படிக்கப் போய் இந்த விஷயத்தில் சிக்கிக்கொண்டேன்.

*ஹிட்சினில் ஒரு வீட்டில் ஐந்து பேரோடு சேர்ந்து ஆளுக்கோர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன் ஐயா. நீங்கள் சொல்லும் லாட்ஜிங் ஹவுஸ் ஓட்டலா, சத்திரமா, அநாதை இல்லமா?*
– வாசகர், ஹிட்சின்

மூன்றும் இல்லை, தம்பி. சத்திரம் என்று எழுதத்தான் எனக்கும் கை வருகிறது. ஆனால் சத்திரத்தில் காசு கேட்கமாட்டார்கள். இங்கே முதலில் காசு, அப்புறம்தான் கட்டில். சாலையோரத்தில் இருந்த இன் என்ற பெரிய விடுதிகள் எல்லாம் குதிரையிலும் கோச்சு வண்டியிலும் வருகிறவர்களுக்கு. கால்நடையாக, மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு வருகிறவனுக்கு இந்த வீடு.

1851ல் இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. கொண்டுவந்தவர் ஆஷ்லி பிரபு. அதே வருடம் தந்தை இறந்து ஷாஃப்ட்ஸ்பரி பிரபு ஆனவர் அவர்தான். ஆனால் எந்த வீடு லாட்ஜிங் ஹவுஸ், எது இல்லை என்பதை அந்தச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. 1853ல் அரசின் சட்ட அதிகாரிகள் ஒரு விளக்கம் கொடுத்தார்கள். ஏழைகளைக் கொஞ்ச நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் வீடு, ஒருவருக்கொருவர் அந்நியராக இருந்தும் ஒரே பொது அறையில் இருக்கும் வீடு என்பது அதன் சாரம். அந்நியர் என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் பத்துப் பேர் ஓர் அறையில் முடங்கிக் கிடந்தால் இந்தச் சட்டம் எட்டிப் பார்க்காது. முன்பின் தெரியாத மூன்று பேர் ஓர் அறையில் படுத்தால் இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டலாம்.

வெளியே இருந்து பார்த்தால் தெருவில் மற்ற வீடுகள் மாதிரிதான் இருக்கும். உள்ளாட்சி எழுத்தில் கேட்டால், பதிவுபெற்ற லாட்ஜிங் ஹவுஸ் என்று வெளிச்சுவரில் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும். இது 1875ன் பொதுச் சுகாதாரச் சட்டம் சொல்வது. உள்ளே நுழைந்தால் முதலில் சமையலறை. இந்த வீடுகளின் உயிர் அங்கேதான் இருந்தது. பெரிய அடுப்பில் கரி கனன்றுகொண்டே இருக்கும். சுவர் ஓரமாக நீள பெஞ்சு, நடுவில் மேசை, ஆணியில் தொங்கும் பொது வாணலி. சாப்பாடு வீட்டுக்காரர் தருவதில்லை. அவரவர் வாங்கி வந்ததை அவரவரே சமைத்துக்கொள்ள வேண்டும். ஒருவன் புகைபோட்ட ஹெரிங் மீனைக் கம்பியில் குத்தித் தீயில் வாட்டுவான், இன்னொருவன் தகரக் குவளையில் தேயிலையும் சர்க்கரையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்க வைப்பான், மூன்றாமவன் தன் முறை வரும்வரை வாணலிக்குக் காத்திருப்பான். நனைந்த கோட்டும் பூட்ஸும் அதே தீயில்தான் காயும். மீன், கம்பளி, புகையிலை, ஈரத் தோல் எல்லாம் கலந்த வாசனை. நான் வேலைக்குப் போன பொது வீடுகளின் சமையலறையில் மீனும் புகையிலையும் மாறியிருந்தன, ஈரக் கோட்டு வாசனை மட்டும் அப்படியே இருந்தது.

படுக்கையறைகள் மாடியில். பகலில் பூட்டி வைப்பார்கள், இரவு ஆனதும் திறப்பார்கள். பெரிய வீடுகளில் முதலாளி அங்கே இருக்கமாட்டார். காசு வாங்கி, கட்டிலைக் காட்டி, சண்டை வந்தால் விலக்கி விடுகிறவருக்கு டெபுடி என்று பெயர். ஹிட்சின் மாதிரிச் சிறிய ஊரில் வீட்டை நடத்தியவரும் குடும்பமும் பெரும்பாலும் அதே வீட்டின் ஓர் ஓரத்தில் இருந்தார்கள். புருஷனை இழந்த பெண்கள் பலர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். கையில் ஒரு வீடும் நாலு கட்டிலும் இருந்தால் யாரிடமும் போய் நிற்காமல் பிழைக்கலாம்.

ஏன் ஹிட்சின் என்று கேட்பீர்கள். வரைபடத்தைப் பாருங்கள். லூட்டன் 9 மைல், பெட்ஃபர்ட் ஏறத்தாழ 16 மைல், லண்டன் முப்பத்துச் சொச்சம். சுமையோடு ஒரு மனிதன் ஒரு நாளைக்கு 15, 20 மைல் நடப்பான். லண்டனிலிருந்து வடக்கே நடக்கிறவனுக்கு இரண்டாம் நாள் இருட்டும் நேரத்தில் ஹிட்சின் வந்துவிடும். ஊரில் சந்தை உண்டு. தொப்பி செய்வதற்கான வைக்கோல் பின்னல் வியாபாரம் உண்டு. கோடையில் லாவெண்டர் அறுப்பு உண்டு. அன்றைக்கு பேக் ஸ்ட்ரீட் என்று பெயர் கொண்டிருந்த குயின் ஸ்ட்ரீட்டும், அதன் பின்னால் இருந்த நெருக்கமான முற்றங்களும்தான் ஊரிலேயே வாடகை குறைந்த இடம்.

அப்புறம் ரயில். கிரேட் நார்தர்ன் பாதை 1850 ஆகஸ்டில் திறந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் ஹிட்சினுக்குத் தெற்கே வெல்வினில் 40 வளைவுகள் கொண்ட மேம்பாலமும் சுரங்கங்களும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நேவி என்று அழைக்கப்பட்ட மண்வெட்டித் தொழிலாளர்களில் பலர் பாதையோரக் குடிசைகளில் இருந்தார்கள். வேலை தேடி வந்தவனும் வேலை முடிந்து போனவனும் வழியில் இருந்த ஊர்களில்தான் படுத்தெழுந்து போக வேண்டியிருந்தது.

*ஓர் இரவுக்கு 4 பென்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். அது அந்தக் காலத்தில் மலிவா?*
– வாசகி, லெஸ்டர்

கட்டிலுக்கு மலிவு. கூலிக்காரனுக்கு மலிவு இல்லை அம்மா.

பழைய கணக்கில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. இரவுக்கு 4 பென்ஸ். பல வீடுகளில் ஆறு இரவுக்குக் கொடுத்தவருக்கு ஞாயிறு இரவு இலவசம். ஆக வாரத்துக்கு 24 பென்ஸ், சரியாக 2 ஷில்லிங். 1850–51ல் ஜேம்ஸ் கேர்ட் என்பவர் இங்கிலாந்து முழுக்கச் சுற்றி விவசாயக் கூலியைக் கணக்கெடுத்தார். தெற்கு மாவட்டங்களில் வாரத்துக்குச் சராசரி 8 ஷில்லிங் 5 பென்ஸ், வடக்கில் 11 ஷில்லிங் 6 பென்ஸ். தெற்கத்திக் கூலியில் கிட்டத்தட்ட கால் பங்கு ஒரு கட்டிலுக்கே போய்விடும். அறைக்கு இல்லை, கட்டிலுக்கு. சட்டம் வருவதற்கு முன்னால் அந்தக் கட்டிலிலும் இரண்டு மூன்று பேர் படுப்பார்கள். தரையில் வைக்கோலில் படுத்தால் இன்னும் குறைவு.

ஆனாலும் ஏன் கொடுத்தார்கள்? தனி வீடு எடுக்க மேசை, நாற்காலி, பாத்திரம், முன்பணம், சாட்சி சொல்ல ஆள் எல்லாம் வேண்டும். இங்கே அன்றைய 4 பென்ஸ் போதும். நாளைய 4 பென்ஸை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். ஏழைக்கு எல்லாம் சில்லறையில்தான் விலை, சில்லறையில் வாங்கினால் எதுவும் கூடத்தான்.

இதைப் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1983ல் லூட்டனில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தபோது ஒரு கட்டிலை இரண்டு பேராக எடுத்திருந்தோம். காலை ஆறரைக்கு நான் வருவேன், அண்ணன் ஒருவர் எழுந்து வேலைக்குப் போவார். மெத்தையில் அவர் படுத்த பள்ளமும் சூடும் அப்படியே இருக்கும். குளிர்காலத்தில் அந்தச் சூடு சுகமாகக்கூட இருந்தது. வாரத்துக்கு ஆளுக்குப் பாதி வாடகை என்றுதான் நினைத்துக் கொடுத்தோம். வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேரிடமும் முழு வாடகை வாங்கிக்கொண்டிருந்தது ஐந்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பின்னால் ஆய்வாளர் வேலைக்கு நான் விண்ணப்பம் போட்டதற்கு அந்தக் கட்டிலும் ஒரு காரணம்.

*அங்கே தங்கினவர்கள் எல்லாம் திருடர்களும் பிச்சைக்காரர்களும்தான் என்று பழைய செய்தித்தாள்களில் படித்திருக்கிறேன். உண்மைதானா?*
– வாசகர், ஹாரோ

செய்தித்தாள்காரர் நீதிமன்றத்தில் உட்கார்ந்து எழுதினார். நீதிமன்றத்துக்கு வந்தவர்களைப் பற்றித்தான் எழுத முடியும். நிம்மதியாகத் தூங்கி எழுந்து போனவனைப் பற்றி யார் எழுதுவார்கள்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களைப் பாருங்கள். 1851 மார்ச் 30 இரவு எடுத்தது நல்ல ஆரம்பம். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, தொழில், பிறந்த இடம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு வீட்டுக்குள் உறவு என்ற கட்டத்தில் லாட்ஜர், லாட்ஜர் என்று பத்துப் பன்னிரண்டு தடவை கீழே கீழே வந்தால், நீங்கள் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள். இத்தகைய பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் தொழில்களைச் சொல்கிறேன்: கூவி விற்கிறவர், குடை பழுது பார்ப்பவர், கத்தி சாணை பிடிப்பவர், தகரப் பாத்திரம் அடைப்பவர், பண்ணைக் கூலி, தெருவில் வாசிக்கிற இசைக்காரர், தையற்காரர், செருப்புத் தைப்பவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் அயர்லாந்தை விட்டு வந்தவர்கள் அந்த வருடத் தாள்களில் நிறைய. பிறந்த இடம் என்ற கட்டத்தில் என்.கே. என்று இரண்டே எழுத்து இருந்தால் தெரியாது என்று பொருள். எழுதினவர் கேட்கவில்லையா, அவருக்கே தெரியாதா என்று நான் பலமுறை அந்த இரண்டெழுத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை தெரிந்த கைத்தொழிலாளிகளும் ஊர் ஊராக நடந்தார்கள். தொழிற்சங்கம் அவர்களுக்கு ஓர் அட்டை கொடுக்கும். அதைக் காட்டினால் சங்கம் கூடும் இன்னில் சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும். சங்கம் இல்லாத தொழில்காரனுக்கு லாட்ஜிங் ஹவுஸ்தான். தலைச்சுமையாக விற்கிறவர்களுக்கு 1871லிருந்து போலீஸ் தரும் சான்றிதழ் வேண்டும், வருடத்துக்கு 5 ஷில்லிங். அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தவர்கள்தான் இங்கே இருந்த கட்டில்களில் பாதியை நிரப்பினார்கள் என்றால் மிகையாகாது.

திருடர்கள் இருந்தார்களா? இருந்தார்கள். அதனால்தான் பூட்ஸைத் தலைக்கடியில் வைத்துப் படுத்தார்கள். திருட்டுக்குப் பயந்தவர்களும் அதே அறையில்தானே இருந்தார்கள்?

ஒன்றை மறக்கக் கூடாது. கணக்கெடுத்தது மார்ச் கடைசியில். அறுவடைக் கூட்டம், லாவெண்டர்க் கூட்டம், சந்தைக் கூட்டம் எதுவும் அந்த இரவில் இல்லை. கோடையில் அந்த வீடுகள் எப்படி நிரம்பி வழிந்திருக்கும் என்பது கணக்கெடுப்பில் வராது.

*ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சட்டமே இருந்தது என்று எழுதினீர்கள். சட்டம் போடும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?*
– வாசகி, மில்டன் கீன்ஸ்

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பகுதியை எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1875 சட்டத்தின் 82வது பிரிவு. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் வாரமும் அக்டோபர் முதல் வாரமும் லாட்ஜிங் ஹவுஸின் சுவர்களுக்கும் கூரைக்கும் உள்ளாட்சி திருப்தி அடையும்படி சுண்ணாம்பு அடிக்க வேண்டும். தவறினால் 40 ஷில்லிங் வரை அபராதம். 40 ஷில்லிங் என்றால் 480 பென்ஸ், 120 கட்டில் வாடகை. பன்னிரண்டு கட்டில் வீட்டுக்குப் பத்து இரவு வருமானம் போய்விடும். ஒரு வாளிச் சுண்ணாம்புக்கும் ஒரு நாள் வேலைக்கும் முன்னால் அது பெரிய தொகை. அபராதத்தை இப்படித்தான் வைக்க வேண்டும்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டியைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். ஆறவிட்டுக் கலக்கி, மட்டை மாதிரித் தடித்த பிரஷ்ஷால் அடிப்பார்கள். அடிக்கும்போது சாம்பலாக, தண்ணீராகத் தெரியும். காயக் காயத்தான் வெள்ளை வரும். அதன் காரம் பூஞ்சையைக் கொல்லும். அதைவிட முக்கியம், சுவரின் வெடிப்பிலும் பொத்தலிலும் போய் இறுகிவிடும். மூட்டைப்பூச்சி குடியிருப்பது அங்கேதான். பகல் முழுக்க வெடிப்புக்குள் இருந்துவிட்டு ராத்திரி இறங்கும்.

இன்னொரு நன்மையை நான் வேலையில்தான் கற்றேன். மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் டார்ச் விளக்கும் ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையும் கொண்டுபோவோம். கட்டில் சட்டத்தின் மூட்டு, சுவரும் தரைப்பலகையும் சேரும் இடுக்கு, இங்கெல்லாம் அட்டையின் விளிம்பை விட்டு மெல்ல இழுத்தால் கறுப்பாக மிளகுத்தூள் மாதிரி வரும். பூப்போட்ட சுவர்த்தாளில் அந்தப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. வெள்ளைச் சுவரில் வாசலில் நின்றே பார்த்துவிடலாம். மெழுகுவத்தியோடு வந்த அந்தக் காலத்து இன்ஸ்பெக்டருக்கு வெள்ளைச் சுவரே பாதி வேலையை முடித்துக் கொடுத்திருக்கும்.

ஏன் ஏப்ரல், ஏன் அக்டோபர் என்று சட்டம் காரணம் சொல்லவில்லை. என் தொழில் கண்ணுக்குப் படுவது இது: குளிர்காலம் முழுக்க மூடிய சன்னல், கரிப்புகை, கொழுப்பு மெழுகுவத்தி. ஏப்ரலில் அதையெல்லாம் மூடுகிறோம். கோடை முழுக்கப் பூச்சி பெருகும், ஆள் நெருக்கும். அக்டோபரில் அதை அடக்கி விட்டுத்தான் மறுபடி சன்னலை மூடுகிறோம்.

சுண்ணாம்போடு நிற்கவில்லை. வீட்டை முதலில் பார்வையிட்டு ஒப்புக்கொண்ட பிறகுதான் பதிவேட்டில் ஏற்றுவார்கள். நடத்துகிறவர் நல்லவர் என்று வரி கட்டும் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் மூன்று பேர் கையெழுத்துப் போட்ட சான்றை உள்ளாட்சி கேட்கலாம். எத்தனை பேர் தங்கலாம் என்ற எண் பதிவேட்டில் இருக்கும். காய்ச்சல் கண்டால் உடனே தெரிவிக்க வேண்டும். எந்த நேரத்தில் வந்தாலும் ஆய்வாளரை உள்ளே விட வேண்டும். சிறிய ஊர்களில் பெரும்பாலும் போலீஸ் அதிகாரியே இந்த ஆய்வாளர் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

எத்தனை பேர் என்பதைக் கன அடியில் கணக்குப் போட்டார்கள். பல ஊர்களின் துணைவிதிகளில் ஆளுக்கு 300 கன அடி. கூரை 8 அடி உயரம் என்றால் தரையில் முப்பத்தேழரைச் சதுர அடி, அதாவது ஆறடிக்கு ஆறடியைவிடக் கொஞ்சம் கூட. கட்டில் போட்டால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கலாம். 2018லிருந்து, லைசென்ஸ் வாங்க வேண்டிய பகிர்ந்து வாழும் வீடுகளில் ஓர் ஆள் தூங்கும் அறை 6.51 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. அது சுமார் 70 சதுர அடி. நூற்றைம்பது வருடத்தில் ஓர் இரட்டிப்பு வாங்கியிருக்கிறோம். முதல் கேள்வி கேட்ட ஹிட்சின் தம்பி, உங்கள் அறையை இன்று இரவே அளந்து பாருங்கள்.

இதனால் பலன் இருந்ததா? இருந்தது. 1847ல் டைஃபஸ் காய்ச்சல் அயர்லாந்துக்காரர் வந்து இறங்கிய ஊர்களிலெல்லாம் பரவியது. ஐரிஷ் காய்ச்சல் என்றே பெயர் வைத்து அவர்கள்மேல் பழியையும் போட்டார்கள். கெட்ட காற்றால் வருகிறது என்று நம்பினார்கள். உடம்புப் பேனால் பரவுகிறது என்று ஷார்ல் நிக்கோல் கண்டுபிடித்தது 1909ல். சுவரில் அடித்த சுண்ணாம்பால் உடுப்பில் இருந்த பேன் சாகவில்லை. ஆனால் கட்டிலுக்குக் கட்டில் இடைவெளி, பெரியவர்களுக்கு ஒரு கட்டிலில் ஓர் ஆள், துவைத்த விரிப்பு என்ற விதிகள் பேன் ஆள் மாறும் வழியை அடைத்தன. காரணம் தவறாக இருந்தும் வைத்தியம் பலித்தது.

*பணியில்லத்தில் இலவசமாகப் படுக்கலாமே? எதற்காக 4 பென்ஸ் கொடுக்க வேண்டும்?*
– வாசகர், பெட்ஃபர்ட்

ஹிட்சினிலும் பணியில்லம், அதாவது வொர்க்ஹவுஸ் இருந்தது. வழிப்போக்கர்களுக்கு அதில் தனிப் பகுதி, கேஷுவல் வார்டு. நடந்து திரிந்தவர்கள் வைத்த பெயர் ஸ்பைக்.

மாலையில் கதவு முன்னால் வரிசை. உள்ளே போனால் சோதனை. கையில் காசு இருந்தால் இடம் இல்லை. உடுப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டு, குளிப்பாட்டி, அவர்கள் சட்டையைக் கொடுப்பார்கள். 1882 சட்டத்தின்படி மறுநாள் வெளியே போக முடியாது. திங்கள் மாலை நுழைந்தால் புதன் காலை 9 மணிக்குத்தான் கதவு திறக்கும். நடுவில் ஒரு நாள் முழுக்கக் கல் உடைக்க வேண்டும், அல்லது தாரேறிய பழைய கப்பல் கயிற்றை விரலால் நார் நாராகப் பிரிக்க வேண்டும். அதே மாதத்தில் மறுபடி வந்தால் நாலாம் நாள் காலைவரை அடைப்பு. புதன் 9 மணிக்கு வெளியே விட்டால் யார் வேலை கொடுப்பார்கள்? பண்ணையில் ஆள் எடுப்பது விடியற்காலையில்.

சரி, வைக்கோல் போரில் படுத்துக்கொள்ளலாம் என்றால் 1824ன் நாடோடிகள் சட்டம் இருக்கிறது. பிழைப்புக்கு வழி காட்ட முடியாமல் களஞ்சியத்திலோ வெட்டவெளியிலோ படுத்தால் குற்றம், மூன்று மாதம் வரை கடுங்காவல்.

அந்த 4 பென்ஸ் கட்டிலுக்கு மட்டும் போகவில்லை. தன் சட்டையைத் தானே போட்டுக்கொண்டு, தன் மீனைத் தானே சுட்டுத் தின்று, ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போகலாம் என்பதற்கும் சேர்த்துத்தான்.

*நோய் பரப்பிய இடங்களை நீங்கள் நல்ல இடங்கள் மாதிரி எழுதுகிறீர்கள். அவற்றை மூடினது நல்லதுதானே?*
– வாசகி, வாட்ஃபர்ட்

நியாயமான கோபம். 1871–72 பெரியம்மைக் காலத்திலும் 1890களின் தொடக்கத்திலும் ஊர் ஊராக நடந்தவர்களோடு நோயும் நடந்தது. மோசமான வீடுகள் இருந்தன, ரொம்ப மோசமான வீடுகள். அவற்றில் ஒரு ராத்திரி படுக்க நானும் சம்மதிக்கமாட்டேன்.

ஆனால் மூடிய விதத்தில்தான் எனக்கு வருத்தம். 1909 ஜனவரி முதல் தேதியிலிருந்து எழுபது வயதானவர்களுக்கு வாரம் 5 ஷில்லிங் வரை ஓய்வூதியம் வந்தது. வயதான லாட்ஜர்கள் சிலருக்கு ஓர் அறையாவது எடுக்க வழி கிடைத்தது. அது நல்ல முடிவு. அறுவடை இயந்திரம் வந்தது, பஸ் வந்தது, நடந்து வேலை தேடுவது குறைந்தது. 1920களில் குயின் ஸ்ட்ரீட்டின் பழைய நெருக்க வீடுகளை இடித்தார்கள். இப்போது கார்கள் நிற்கும் செயின்ட் மேரிஸ் சதுக்கம் அந்த இடத்தில்தான். தேவாலயத்தின் முன்னால் ஹிஸ் ஆற்றை அகலப்படுத்தி அழகாக்கினார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. கவுன்சில் கட்டிய புது வீடுகள் குடும்பங்களுக்கு. கட்டிலை இரவுக் கணக்கில் எடுத்த தனி ஆளுக்கு அந்தத் திட்டங்களில் இடம் இல்லை.

லாட்ஜிங் ஹவுஸுக்கான தனி விதிகள் 1980களின் கடைசியில் நீக்கப்பட்டன. 2004ன் வீட்டுவசதிச் சட்டத்தில் லைசென்ஸ் முறை வேறு பெயரில் வந்தது, 2006ல் நடைமுறைக்கு வந்தது. நடுவில் இருந்த வருடங்களில் ஓர் இரவு, ஒரு மூன்று படுக்கையறை வீட்டில் பதினொரு பேரை எண்ணினேன். மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பையன் முழங்காலை மடக்கிப் படுத்திருந்தான். பத்தொன்பது வயது இருக்கும். அந்த வீட்டை நான் மூட வைத்தேன். மூடியிருக்கத்தான் வேண்டும், ஒரே வாசல், தீப்பிடித்தால் யாரும் பிழைத்திருக்கமாட்டார்கள். போர்வையைச் சுருட்டிக்கொண்டே அவன் கேட்டான்: “சார், இன்னிக்கு ராத்திரி எங்க போறது?” என்னிடம் இருந்த தொலைபேசி எண்கள் எல்லாவற்றையும் அழைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் மூடினது நல்லதுதானே என்று யாராவது கேட்டால் ஆமாம் என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

*நாங்கள் வாங்கியிருக்கும் பழைய வீடு லாட்ஜிங் ஹவுஸாக இருந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?*
– வாசகர், ஹிட்சின்

கணக்கெடுப்புத் தாள்களில் தொடங்குங்கள். 1841லிருந்து பத்து வருடத்துக்கு ஒன்று, 1921 வரை பார்க்கலாம். 1931க்கு உரியது 1942ல் தீயில் போய்விட்டது. அதற்குப் பதில் 1939 பதிவேட்டைப் பாருங்கள். வீட்டு எண்கள் மாறியிருக்கும், ஆகவே பக்கத்துப் பப் அல்லது கடையின் பெயரைப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வாருங்கள். அப்புறம் ஹார்ட்ஃபர்ட்ஷையர் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் உள்ளாட்சி ஏடுகள், சுகாதார அதிகாரியின் ஆண்டறிக்கைகள். ஹிட்சினிலேயே நார்த் ஹார்ட்ஃபர்ட்ஷையர் அருங்காட்சியகம் இருக்கிறது, அங்கேயும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வீட்டில் பூச்சு உதிர்ந்த இடம் இருந்தால் உடனே சுரண்டி எறியாதீர்கள். ஒரு துண்டை எடுத்து அதன் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய வெள்ளை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் அது சுண்ணாம்பு. வேறு வீடுகளிலும் சுண்ணாம்பு அடித்தார்கள், அதை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் அடுக்குகளை எண்ணி, தெருப் பெயரோடு எனக்கு எழுதுங்கள். அடுத்த மாதம் காப்பகத்துக்குப் போகிறேன், உங்கள் வீட்டையும் சேர்த்துத் தேடிப் பார்க்கிறேன்.